பச்சை விளக்கு எதைக் குறிக்கிறது? அமெரிக்கப் புனைவில் குறியீடு தேடுவது பற்றி

ஜனவரி 11, காலை 10.20 (கேள்வி)

ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் வரும் பச்சை விளக்கு எதன் குறியீடு? ஒரு கையேட்டில் நம்பிக்கை என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் பணம். மூன்றாவதில் அமெரிக்கக் கனவு. தேர்வில் எதை எழுதுவது? எழுத்தாளர்கள் இதையெல்லாம் யோசித்து எழுதுவதே இல்லை, பேராசிரியர்கள்தான் ஏற்றிச் சொல்கிறார்கள் என்றும் ஒரு சந்தேகம்.

ஜனவரி 11, இரவு 9.05

மூன்று கையேடுகளும் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. விளக்கை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டன. பச்சை என்றால் வளம், பச்சை என்றால் டாலர் தாள், பச்சை என்றால் ‘போகலாம்’. நிறத்துக்கு அகராதி வைத்துக்கொண்டு படித்தால் எந்த நாவலிலும் எந்தப் பச்சையும் எதுவாகவும் ஆகிவிடும்.

இப்படிச் செய்து பாருங்கள். பென்சில் ஒன்று, புத்தகம் ஒன்று, ஒரு மாலை நேரம் போதும்.

முதலில், கதைக்குள் அந்தப் பொருளுக்கு என்ன வேலை என்று ஒரு வரி எழுதுங்கள். இது படகுத்துறையின் முனையில் இரவு முழுக்க எரியும் விளக்கு. இருட்டில் துறை எங்கே முடிகிறது என்று காட்டுகிறது. இந்த வரியை எழுத முடியாவிட்டால் குறியீட்டுக்குப் போகவே வேண்டாம்.

அடுத்து, அது வரும் இடங்களை எல்லாம் குறியுங்கள். ஒன்பது அத்தியாயங்களில் மூன்றே இடம்: முதல் அத்தியாயத்தின் கடைசி, ஐந்தாம் அத்தியாயத்தின் நடு, ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். இவ்வளவு பேசப்பட்ட விளக்கு மூன்று முறைதான் வருகிறது என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்விகள். யார் பார்க்கிறார்கள்? சற்று முன்னால் என்ன நடந்தது? போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் என்ன மாறியது? கடைசிக் கேள்விதான் முக்கியம். மாறாத பொருள் வெறும் அலங்காரம். மாறுகிற பொருளில்தான் அர்த்தம் ஊறும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். கேட்ஸ்பி ஏங்கிக் காத்திருந்த காதலி டெய்சி பக்கத்தில் வந்து நின்றதும் அந்த விளக்கின் மகத்தான பொருள் போய்விட்டது, அது மறுபடி ஒரு துறைமுனை விளக்காகிவிட்டது, கேட்ஸ்பியின் மாயப் பொருட்களில் ஒன்று குறைந்தது என்கிறார். ஆசைப்பட்டது கைக்கு வந்ததும் ஆசையின் சின்னம் அணைகிறது. ‘நம்பிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லில் இது அடங்குமா?

ஜனவரி 11, இரவு 11.30

விட்டுப்போன ஒன்று. முதல் அத்தியாயத்தில் விளக்கு வரும்போது அது யார் வீட்டுத் துறை என்று நமக்குத் தெரியாது. டெய்சி எதிர்க்கரையில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்ஸ்பி அந்த வீட்டையே வாங்கினான் என்பது நான்காம் அத்தியாயத்தில் டெய்சியின் தோழி ஜோர்டன் வாயால் வருகிறது. முகவரி இல்லாமல் வந்த விளக்குக்கு மூன்று அத்தியாயம் கழித்து முகவரி கிடைக்கிறது. மறுவாசிப்பில் மட்டும் தெரியும் விஷயங்களைத் தனி நிறத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜனவரி 12, மாலை 6.15

எழுத்தாளர்கள் யோசித்துத்தான் எழுதுகிறார்களா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

இதே சந்தேகம் 1963இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 16 வயது மாணவர் ஒருவருக்கு வந்தது. நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தை 150 நாவலாசிரியர்களுக்கு அனுப்பினார். ஏறக்குறைய பாதிப்பேர் பதில் எழுதினார்கள். ஜாக் கெரவாக், ரால்ஃப் எலிசன், ஜான் அப்டைக், ரே பிராட்பரி எல்லாம் அதில் உண்டு. திட்டமிட்டு வைப்பதில்லை என்றவர்கள் இருந்தார்கள், தானாக வந்து சேரும் என்றவர்கள் இருந்தார்கள், வைக்கிறேன் என்றவர்களும் இருந்தார்கள். ஆக எழுத்தாளர் கூட்டம் முழுவதற்கும் பொதுவான பதில் கிடையாது.

இதில் மிகத் தெளிவாகப் பேசியவர் என்று நான் நினைப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானர். ‘எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்’ கதையில் வரும் கொலைகாரனின் கறுப்புத் தொப்பிக்கு என்ன உட்பொருள் என்று ஒரு கல்லூரியில் கேட்டார்கள். ஜார்ஜியா கிராமத்து ஆண்களில் பெரும்பாலோர் கறுப்புத் தொப்பிதான் போடுவார்கள் என்றார். அப்படியானால் அந்தத் தொப்பியின் முக்கியத்துவம்தான் என்ன என்று விடாமல் கேட்டதற்கு, தலையை மூடுவது என்று சொல்லி முடித்தார்.

இதை வைத்துக்கொண்டு அவர் குறியீட்டுக்கு எதிரி என்று எழுதுகிறவர்கள், அதே ஓ’கானர் மரக்காலைப் பற்றிச் சொன்னதைப் படிப்பதில்லை. ‘குட் கன்ட்ரி பீப்பிள்’ (1955) கதையில் ஹல்கா தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள், வயது 32, பத்து வயதில் வேட்டை விபத்தில் ஒரு காலை இழந்தவள். பைபிள் விற்க வரும் ஒருவன் அவளை வைக்கோல் பரணுக்கு அழைத்துப் போய் அந்த மரக்காலைத் திருடிக்கொண்டு போகிறான். அவன் அதைத் திருடப்போகிறான் என்பது அந்த இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள் முன்பு வரை தனக்கே தெரியாது என்கிறார் ஓ’கானர். தெரிந்ததும், அதுதான் நடந்தே தீர வேண்டியது என்று பட்டதாம்.

அவர் சொல்லும் வரிசை இது. முதலில் அது மரக்கால், கதைக்குத் தேவையான கால். கதை நகர நகர அதன்மேல் அர்த்தம் சேர்கிறது. உடலில் ஊனம் இருப்பது போல ஆன்மாவிலும் ஒரு மரத்துண்டு இருக்கிறது என்று வாசகருக்குப் படத் தொடங்குகிறது. அதன் பிறகு திருட்டு நடப்பதால், போவது கால் மட்டுமில்லை என்று நமக்குப் புரிகிறது. தொப்பியின்மேல் எதுவும் சேரவில்லை, மரக்காலின்மேல் சேர்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எழுத்தாளரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை, பிரதியிலேயே தெரிகிறது.

ஜனவரி 13, காலை 7.50

முதல் குறிப்பில் ஒரு திருத்தம், சின்னதில்லை. மூன்று முறை ‘வருகிறது’ என்றேன். ஐந்தாம் அத்தியாயத்தை வரிவரியாகத் திரும்பப் படித்தேன். அங்கே விளக்கு தெரிவதில்லை! மழைக்குப் பின் பனிமூட்டம். மூட்டம் இல்லாவிட்டால் எதிர்க்கரையில் உன் வீடு தெரியும், உங்கள் துறைமுனையில் எப்போதும் ஒரு பச்சை விளக்கு இரவெல்லாம் எரியும் என்று கேட்ஸ்பி சொல்கிறான், அவ்வளவுதான். ஒன்பதாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பி இறந்துவிட்டான். கடற்கரையில் உட்கார்ந்து, அவன் அந்த விளக்கை முதன்முதலில் கண்டபோது எப்படி வியந்திருப்பான் என்று கதைசொல்லி நிக் எண்ணிப் பார்க்கிறான்.

அப்படியென்றால் முழு நாவலிலும் விளக்கு கண்ணில் படுவது ஒரே ஒரு முறை. இரண்டாம் முறை பேச்சில், மூன்றாம் முறை நினைவில். கண்டது, சொன்னது, நினைத்தது என்று படிப்படியாகத் தூரம் போகிறது. முதல் குறிப்பில் ‘அர்த்தம் ஊறுகிறது’ என்றேன். விளக்கு பொருளாகத் தேயத் தேயத்தான் அது ஊறுகிறது என்பதை இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

பட்டியல் போடுகிறவர்கள் ‘எங்கே வருகிறது’ என்பதோடு ‘எப்படி வருகிறது’ என்றும் ஒரு கட்டம் போடுங்கள். காட்சி, பேச்சு, நினைவு, கனவு, வதந்தி. இந்தக் கட்டம் இல்லாமல் போனதால்தான் நான் தவறவிட்டேன்.

ஜனவரி 14, இரவு 10.10

‘விளக்கு மூன்று முறை சரி, பச்சை அதைவிட அதிகமாக வருகிறதே’ என்று கேட்டவருக்கு: ஆம், நிறத்தைத் தனியாகப் பின்தொடரலாம். எனக்குத் தெரிந்த இடங்கள் இவை. கேட்ஸ்பியின் காருக்குள் பச்சைத் தோல் இருக்கை. ஆறாம் அத்தியாய விருந்தில், முத்தம் வேண்டுமானால் பச்சை அட்டையைக் காட்டு என்று நிக்கிடம் டெய்சி விளையாடுகிறாள். ஏழாம் அத்தியாயத்தில் வெயிலில் நிற்கும் கார்ப் பட்டறைக்காரன் வில்சனின் முகம் பச்சையாகத் தெரிகிறது. வில்சனின் மனைவி மர்ட்டில் கேட்ஸ்பியின் காரில் அடிபட்டதும், பக்கத்துக் கடைக்காரன் மிக்கேலிஸ் முதல் போலீஸ்காரரிடம் கார் வெளிர்பச்சை என்று தவறாகச் சொல்கிறான். அது மஞ்சள் கார். கடைசிப் பக்கத்தில், டச்சு மாலுமிகள் முதன்முதலாகக் கண்ட புதிய உலகம் பச்சைப் பசேல் என்று விரிகிறது.

பச்சை அட்டையை அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் ‘கிரீன் கார்டோடு’ முடிச்சுப் போட வேண்டாம். அமெரிக்காவில் குடியேறுவோருக்கு அந்தப் பச்சை அட்டை வந்தது 1940களில். நாவல் வெளியானது ஏப்ரல் 10, 1925. நூல் வெளியான ஆண்டில் இல்லாத பொருளைக் குறியீட்டுக்குள் திணிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அமெரிக்க டாலரைப் ‘பச்சை முதுகு’ என்று சொல்லும் வழக்கம் உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்தே உண்டு, அதனால் ‘பணம்’ என்ற வாசிப்புக்குக் காலம் தடையில்லை. பிரதிதான் அதற்கு அவ்வளவாக இடம் தரவில்லை.

டச்சு மாலுமிகள் பத்தியைப் பற்றி ஒன்று. கையெழுத்துப் பிரதியில் அது முதல் அத்தியாயத்தின் முடிவில் இருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைத் தூக்கி நாவலின் கடைசிக்குக் கொண்டுபோனார். அந்த இடமாற்றத்தால்தான் ஒருவனுடைய காதல் ஏக்கம் ஒரு கண்டத்தின் கதையோடு கடைசிப் பக்கத்தில் வந்து சேர்கிறது. ‘அமெரிக்கக் கனவு’ என்று எழுத விரும்புகிறவர்களுக்குச் சான்று இந்தப் பத்திதான். இதைக் காட்டாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுதினால் காற்றில் நிற்கும்.

ஜனவரி 15, காலை 8.00

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வருகிறது என்று நேற்று ஓடிக்கொண்டிருந்தது. சங்கக் கவிதையில் குறிஞ்சி என்றால் புணர்தல், நெய்தல் என்றால் இரங்கல். பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பே உடன்பாடு இருந்தது. அதனால் அங்கே அகராதி செல்லும். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவலாசிரியருக்கு அப்படி ஒரு பொது உடன்பாடு கையில் இல்லை. ஒவ்வொரு நூலும் தன் திணையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் நாம் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ஜனவரி 16, இரவு 9.45

‘கேட்ஸ்பி’யில் வரும் டாக்டர் எக்கில்பர்க்கின் கண்கள் கடவுளா என்று கேட்டிருந்தார்கள்.

முதலில் பொருள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தொழில் நடத்த ஒரு கண் மருத்துவர் வைத்த விளம்பரப் பலகை. நீலக் கண்கள், மஞ்சள் கண்ணாடி, முகம் இல்லை, பெயிண்ட் மங்கிவிட்டது. விழித்திரை ஒரு கஜ உயரம் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியது பிழை. விழித்திரை கண்ணின் உட்பின்புறத்தில் இருப்பது, வெளியே தெரியாது. கருவிழியைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கண்கள் பார்க்கும் சாம்பல் பள்ளத்தாக்கும் கற்பனையில் முளைத்ததில்லை. புரூக்ளின் வீடுகளின் நிலக்கரி அடுப்புச் சாம்பலை ஒரு நிறுவனம் ரயிலில் கொண்டுவந்து குவீன்ஸின் கொரோனா பகுதியில் கொட்டி மலையாகக் குவித்திருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922 அக்டோபர் முதல் 1924 வசந்தம் வரை லாங் ஐலண்டின் கிரேட் நெக்கில் குடியிருந்தார். நியூயார்க் நகரத்துக்குப் போக வர அந்த வழிதான். பின்னாளில் அந்த மேட்டைச் சமன்படுத்தி 1939 உலகக் கண்காட்சியை நடத்தினார்கள். இன்று அது ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. சாம்பல் என்றதும் நமக்குத் திருநீறு, சுடலை, நிலையாமை என்று மனம் ஓடும். இங்கே அது நகரத்து வீடுகள் சூடாக இருப்பதற்காக எரிந்து, ஏழைகள் குடியிருப்பில் வந்து விழுந்த கழிவு. இந்த வர்க்கக் கணக்கு விட்டுப்போனால் பள்ளத்தாக்கே விட்டுப்போனது மாதிரி.

இனிக் கண்கள். எட்டாம் அத்தியாயத்தில், மனைவியை இழந்த வில்சன் அந்தப் பலகையைப் பார்த்துக் கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். பக்கத்தில் நிற்கும் மிக்கேலிஸ், அது ஒரு விளம்பரம் என்கிறான். குறியீடாகப் படிப்பவரும் ‘பலகை பலகைதான்’ என்பவரும் நாவலுக்குள்ளேயே நின்று வாதாடுகிறார்கள். கடவுள் என்று எழுதினால் நீங்கள் வில்சன் கட்சி. விளம்பரம் மட்டும்தான் என்றால் மிக்கேலிஸ் கட்சி. கடவுள் இருந்த இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்துவிட்ட ஓர் ஊரைத்தான் நாவல் காட்டுகிறது என்பது என் வாசிப்பு.

ஜனவரி 17, மாலை 5.30

மொழிபெயர்ப்பில் மாட்டும் ஒன்று. ஹெமிங்வேயின் ‘ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபன்ட்ஸ்’ (1927). ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு ரயில் நிலையம், பார்சிலோனாவிலிருந்து வண்டி வர நாற்பது நிமிடம். ஓர் அமெரிக்கனும் ஒரு பெண்ணும் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். பேச்சு கருக்கலைப்பைப் பற்றியது. அந்தச் சொல் கதையில் எங்குமே இல்லை.

தமிழில் ‘வெள்ளை யானை’ என்றதும் ஐராவதம் வந்து நிற்கும். இந்திரன் ஏறும் யானை, மங்கலம். ஆங்கிலத்தில் அது வைத்துக்கொள்ளவும் முடியாத, தள்ளவும் முடியாத செலவுச் சுமை. நம்மிடம் அதற்கு ‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ இருக்கிறது, ஆனால் அதைத் தலைப்பில் போட்டால் மலைக்கு வெள்ளை நிறம் போய்விடும். தலைப்பை மாற்றாமல் விடுவதே சரி. கதை அதைத் தாங்கும். அவள் முதலில் மலைகள் வெள்ளை யானை போல இருக்கின்றன என்கிறாள். பிறகு, நிஜத்தில் அப்படி இல்லை, தோலின் நிறத்தைத்தான் சொன்னேன் என்று பின்வாங்குகிறாள். மூன்றாம் முறை, இதைச் செய்துகொண்டால் நான் இப்படிச் சொல்வது மறுபடி உனக்குப் பிடிக்குமா என்று கேட்கிறாள். சொன்னது, மறுத்தது, விலை பேசியது. அந்த மூன்று இடத்திலும் ஒரே தொடரைப் போடுங்கள். ஓரிடத்தில் ‘வெண்யானை’, இன்னோரிடத்தில் ‘வெள்ளை நிற யானை’ என்று அழகுக்காக மாற்றினால் கோர்த்த நூல் அறுந்துவிடும்.

தமிழ் வாசகருக்கு ஐராவதமும் சேர்ந்து வருவதால் நட்டமில்லை என்றே இப்போது தோன்றுகிறது. அவனுக்குச் சுமை, அவளுக்கு ஒருவேளை வரம். அந்த இரட்டைத்தன்மை கதையில் ஏற்கெனவே இருக்கிறது.

ஜனவரி 19, இரவு 10.40

‘யார் பார்க்கிறார்கள்’ என்ற கேள்விக்கு டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) போல ஓர் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிய சேத்தின் முதுகில் சாட்டையடித் தழும்புகள். அவளால் தன் முதுகைப் பார்க்க முடியாது, பிறர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். தப்பியோடும் வழியில் உதவிய வெள்ளைக்காரப் பெண் ஏமி, இது சோக்செர்ரி மரம், தண்டு, கிளை, பூ எல்லாம் இருக்கிறது என்கிறாள். மாமியார் பேபி சக்ஸ் காண்பது போர்வையில் பூக்கும் ரத்த ரோஜாக்கள். பதினெட்டு ஆண்டு கழித்து வரும், முன்பு உடன் அடிமையாக இருந்த பால் டி முதலில் அதைக் கொல்லனின் அலங்கார வேலைப்பாடு போலத் தொட்டுப் பார்க்கிறான். கலவி முடிந்து படுத்திருக்கும்போது, இது மரமே இல்லை, அருவருப்பான தழும்புக் கொத்து என்று நினைக்கிறான்.

ஒரு முதுகு, மூன்று பேர், நான்கு உருவங்கள். இதில் ‘மரம் என்பது குடும்பத்தின் குறியீடு’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மிச்சம் மூன்றும் போய்விடும். கொடுமைக்கு அழகான பெயர் வைக்கலாமா என்பதே மாரிசன் அங்கே எழுப்பும் கேள்வி. மரம் என்ற பெயர் சேத்தைப் பிழைக்க வைத்தது. அதே பெயர் தழும்பை மறைக்கவும் செய்கிறது. பால் டி-யின் வெறுப்பு உண்மையைப் பார்க்கிறதா, அல்லது அவனுடைய அந்த நேரத்துச் சலிப்பா? இதற்கு எனக்கு ஒரே பதில் நிற்கவில்லை, ஒவ்வொரு வாசிப்பிலும் மாறுகிறது.

ஜனவரி 20, காலை 9.15

தேர்வுக்கு எழுதுகிறவர்களுக்கு, நேரடியாக. பதினைந்து மதிப்பெண் கேள்வி என்றால் ஒரே ஒரு குறியீட்டை எடுங்கள். முதல் பத்தியில் அது கதையில் என்ன பொருள். அடுத்து, வரும் இடங்களுக்கு இடத்துக்கு ஒரு பத்தி, அத்தியாய எண்ணோடு. கடைசியில் என்ன மாறியது. ‘குறிக்கிறது’ என்ற வினைச்சொல்லை ஒரு முறைக்கு மேல் எழுதாதீர்கள். அதற்குப் பதில் ‘இங்கே இன்னாருக்கு இப்படித் தெரிகிறது’ என்று எழுதிப் பாருங்கள், வாக்கியமே உங்களைப் பிரதிக்குள் இழுத்துப் போகும். ஐந்து குறியீடுகளை ஐந்தைந்து வரியில் அடுக்கும் விடைதான் மதிப்பெண் இழக்கிறது, ஏனென்றால் எதற்கும் சான்று காட்ட இடம் இருக்காது.

ஜனவரி 22, இரவு 8.20

ஹெமிங்வேயே குறியீடு இல்லை என்று எழுதியிருக்கிறாரே என்று ஒருவர். ஆம், 1952 செப்டம்பரில் கலை விமர்சகர் பெர்னார்ட் பெரன்சனுக்கு எழுதிய கடிதம். கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான், சுறாக்கள் சுறாக்கள்தான் என்கிறார்.

கடிதத்தை மதிக்கிறேன். ஆனால் ‘தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ’யைத் திறந்தால், சுறாக்களைக் கண்டதும் கிழவன் எழுப்பும் ஒலி, கை வழியாக மரத்தில் ஆணி இறங்கும்போது ஒருவன் எழுப்பும் ஒலி என்று எழுதியிருக்கிறது. பாய்மரத்தைத் தோளில் சுமந்து மேடேறுகிறான். குடிசைக்குப் போவதற்குள் ஐந்து முறை உட்காருகிறான். கைகளை விரித்து, உள்ளங்கை மேலே தெரியக் குப்புறப் படுக்கிறான். இதை எழுதிய கை சிலுவையை அறியாத கை என்று சொல்ல முடியாது. கிழவனைக் கிறிஸ்து என்று மாற்றிப் படிக்காதே, முதலில் மீனவனாகப் பார் என்பதாகவே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். ஓ’கானர் மரக்காலைப் பற்றிச் சொன்னதும் அதுதானே.

ஜனவரி 25, காலை 7.30

புத்தகம் வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. ‘கேட்ஸ்பி’ 2021 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிய நூல். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் பதிப்புகள் குவிந்து கிடக்கின்றன. வாங்கும் முன் கடைசிப் பக்கத்தில், பச்சை விளக்கு வரும் வரியைப் பாருங்கள். ‘ஆர்காஸ்டிக்’ (orgastic) எதிர்காலம் என்று இருந்தால் அது ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதியது. ‘ஆர்ஜியாஸ்டிக்’ (orgiastic) என்று இருந்தால், அவர் இறந்தபின் 1941 பதிப்பில் விமர்சகர் எட்மண்ட் வில்சன் அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்தியது. முன்னது உச்சப் பரவசம். தனக்கு வேண்டிய சொல் அதுதான் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு முன்பே விளக்கியிருந்தார். பின்னது கும்மாளம், களியாட்டம், அதாவது கேட்ஸ்பி வீட்டு விருந்து. ஒரே ஓர் எழுத்துக் கூடியதில், அந்த விளக்கைப் பார்த்துக் கை நீட்டியவன் எதற்காக நீட்டினான் என்பதே மாறிவிடுகிறது.